அணுவுக்கு வரம்பு கட்டிய பாபா
(மூன்றாம் ஆண்டு இயற்பியல் மாணவன்)

வயலுக்கு வரம்பு வேண்டும் என்பதைத் தென்காசிச் சீமையில் பிறந்தவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சிற்றாற்றில் எவ்வளவு தண்ணீர் வந்தாலும் வரம்பு இருந்தால்தான் அது பயிருக்கு ஆகும். வரம்பு உடைந்தால் அதே தண்ணீர் நாற்றையும் அடித்துக்கொண்டு போய்விடும். அணுவின் ஆற்றலும் அத்தகையதே. அந்த ஆற்றலை நம் நாட்டு மண்ணில் முளைக்கச் செய்த அறிஞர் ஹோமி ஜஹாங்கீர் பாபாவைப் பற்றிப் பள்ளிப் பாடத்தில் படித்திருக்கிறோம். அவர் உலை கட்டிய கதை நமக்குத் தெரியும். அந்த உலைக்கு வரம்பும் அவரே கட்டினார் என்ற செய்தி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பேராசிரியப் பெருமக்களும் மாணவ நண்பர்களும் படிக்கும் இம்மலரில் அந்தச் செய்தியை எடுத்துச் சொல்ல விரும்புகிறேன்.

எனக்கு இதில் சொந்த அக்கறை ஒன்றும் உண்டு. என் பெரியப்பா மகன் கூடங்குளத்தில் ஒப்பந்தத் தொழிலாளராக வேலை பார்க்கிறார். கதிர்வீச்சு உள்ள பகுதிக்குள் போகிறவர்கள் மார்பில் ஒரு சிறிய அட்டையைக் குத்திக்கொண்டு போக வேண்டும். உடம்பில் பட்ட கதிர்வீச்சை அது கணக்கு வைக்கும். அண்ணன் ஊருக்கு வரும்போதெல்லாம் எங்கள் ஆச்சி ஒரே கேள்வியைத்தான் கேட்பாள். அந்த அட்டையில் இவ்வளவு வரை ஏறலாம் என்று முடிவு செய்தது யார் என்பதே அது. அண்ணனுக்கு விடை தெரியவில்லை. இயற்பியல் படிக்கிறவன் என்பதால் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நூலகத்தில் விடை தேடப் புகுந்த நான் பாபாவின் வாழ்க்கையில் போய் நின்றேன்.

இளமையும் கல்வியும்

1909-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் நாள் பம்பாயில் ஒரு பார்சிக் குடும்பத்தில் பாபா பிறந்தார். தந்தை ஜஹாங்கீர் வழக்கறிஞர், தாயார் மெஹர்பாய். அத்தை ஒருவர் தொராப்ஜி டாட்டாவின் மனைவி. ஆகவே தொழிற்சாலை, மின்சாரம், எஃகு என்ற பேச்சுகளைக் கேட்டே சிறுவன் வளர்ந்தான்.

பள்ளியிலும் எல்பின்ஸ்டன் கல்லூரியிலும் படித்து முடித்தபின் 1927-இல் கேம்பிரிட்ஜ் சென்றார். பையன் பொறியாளனாகி ஜாம்ஷெட்பூர் எஃகு ஆலைக்கு வர வேண்டும் என்பது குடும்பத்தின் விருப்பம். பையனின் மனமோ இயற்பியலில் கிடந்தது. பொறியியலில் முதல் வகுப்பில் தேறினால் பிறகு விரும்பியதைப் படிக்கலாம் என்று தந்தை இசைந்தார். 1930-இல் பொறியியலில் முதல் வகுப்பு. 1932-இல் கணிதத்திலும் முதல் வகுப்பு. 1935-இல் முனைவர் பட்டம். எலக்ட்ரானும் பாசிட்ரானும் மோதிச் சிதறும் நிகழ்ச்சி இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. விண்கதிர்கள் காற்று மண்டலத்தில் நுழைந்ததும் மழைபோல் பெருகுவது எப்படி என்பதை 1937-இல் ஹைட்லர் என்ற அறிஞரோடு சேர்ந்து விளக்கினார்.

பொறியியலும் இயற்பியலும் ஒருவரிடத்தில் கூடியதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். இயற்கை எவ்வாறு இயங்கும் என்பதை இயற்பியலறிஞன் கேட்பான். பொருள் எப்போது உடையும், உடைந்தால் பக்கத்தில் நிற்பவனுக்கு என்ன ஆகும் என்பதைப் பொறியாளன் கேட்பான். பிற்காலத்தில் பாபா செய்த வேலைக்கு இரண்டு கேள்விகளும் தேவைப்பட்டன.

1939-இல் விடுமுறைக்குத் தாயகம் வந்தார். உலகப் போர் மூண்டதால் திரும்பிப் போக முடியவில்லை. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பணியில் சேர்ந்தார். அங்கே சர் சி. வி. இராமன் இருந்தார். 1941-இல் இலண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். 1944 மார்ச்சில் டாட்டா அறக்கட்டளைக்கு ஒரு கடிதம் எழுதினார். அணுசக்தியைப் பயன்படுத்தும் காலம் வரும்போது அதற்குரிய அறிஞர்களை அயல்நாட்டில் தேடாமல் இங்கேயே உருவாக்கி வைத்திருக்க வேண்டும் என்பது அக்கடிதத்தின் சாரம். இரோஷிமாவில் குண்டு விழுவதற்கு ஓராண்டுக்கு மேல் முன்னரே இவ்வாறு சிந்தித்தார் என்பது வியப்புக்குரியது. 1945-இல் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையம் உருவாயிற்று.

நம் பக்கத்து மணல்

1909-ஆம் ஆண்டில் இன்னொன்றும் நடந்தது. திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலை ஆராய்ந்த ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலர் அதில் மோனசைட் இருப்பதைக் கண்டார். மோனசைட்டில் தோரியம் உண்டு. மணவாளக்குறிச்சியிலும் சவறாவிலும் கடற்கரையெங்கும் கிடக்கும் அந்த மணல், பாபா பிறந்த ஆண்டிலேயே உலகின் கண்ணில் பட்டது. குற்றாலத்தை அடுத்த செங்கோட்டை 1956 வரை அந்தத் திருவிதாங்கூர் நாட்டோடு சேர்ந்திருந்தது என்பதை நம் ஊர்ப் பெரியவர்கள் அறிவார்கள். யுரேனியம் குறைவாகவும் தோரியம் மிகுதியாகவும் உள்ள நாடு எப்படி அணுமின்சாரம் பெறலாம் என்று பாபா வகுத்த மூன்று கட்டத் திட்டம் இந்த மணலை நம்பியே எழுந்தது.

1948-இல் அணுசக்தி ஆணையம் அமைந்தபோது அதன் தலைவரானார். 1954-இல் பம்பாயை அடுத்த டிராம்பேயில் அணுசக்தி நிறுவனம் தொடங்கியது. அதே ஆண்டில் அணுசக்தித் துறை உருவாகி, அதன் செயலாளர் பொறுப்பும் அவரிடமே வந்தது. 1955-இல் ஜெனீவாவில் அணுவின் ஆக்கப் பயன்கள் பற்றி ஐக்கிய நாடுகள் நடத்திய முதல் மாநாட்டுக்கு அவரே தலைமை வகித்தார். 1956 ஆகஸ்டு 4-ஆம் நாள் அப்சரா உலை உயிர் பெற்றது. எரிபொருள் பிரிட்டனிலிருந்து வந்தது. கட்டியவர்கள் நம் பொறியாளர்கள். ஆழமான தண்ணீர்த் தொட்டிக்குள் தொங்கும் உலை அது. அந்தத் தண்ணீரே உலையைக் குளிர்விக்கும். கதிர்வீச்சு வெளியே வராமலும் தடுக்கும்.

யாரும் கேட்காத போது

இனி வரம்புக்கு வருவோம். அப்சரா இயங்கத் தொடங்கிய நாளில் இந்தியாவில் அணு உலையை மேற்பார்வையிடத் தனி வாரியம் எதுவும் கிடையாது. ஆணையத்தின் தலைவர் பாபா. துறைச் செயலாளர் பாபா. டிராம்பேயின் தலைவரும் பாபா. அவர் நேரே பிரதமர் நேருவுக்கு மட்டும் விடை சொன்னால் போதும். கதிர்வீச்சுப் பாதுகாப்பில் அவர் சற்று அயர்ந்திருந்தாலும் அன்று கேட்பார் இல்லை. அப்படிப்பட்ட நிலையில் ஒரு மனிதர் என்ன செய்கிறார் என்பதில்தான் அவரது தரம் தெரிகிறது.

அவருக்கு முன்மாதிரி ஒன்று இருந்தது. எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்த புதிதில் மருத்துவர்கள் தம் கையையே கதிரில் காட்டிச் சோதித்தார்கள். பலர் விரல்களை இழந்தார்கள். சிலர் உயிரையும் இழந்தார்கள். அதன்பின் 1928-இல் ஸ்டாக்ஹோமில் மருத்துவர்களும் இயற்பியலறிஞர்களும் கூடி ஒரு குழு அமைத்தனர். அதுவே இன்று பன்னாட்டுக் கதிரியல் பாதுகாப்புக் குழு என வழங்குகிறது. அதற்குச் சட்ட அதிகாரம் எதுவும் இல்லை. அது பரிந்துரைக்கும், நாடுகள் ஏற்றுக்கொள்ளும். தொழிலாளர் ஓராண்டில் பெறக்கூடிய அளவு 1950-களின் இறுதியில் இன்றைய கணக்கில் 50 மில்லி சீவர்ட் என இருந்தது. 1990-இல் அது சராசரி 20 எனக் குறைந்தது. இந்தியாவில் ஐந்தாண்டுச் சராசரி 20-ஐயும், எந்த ஓராண்டிலும் 30-ஐயும் தாண்டக்கூடாது என்று வைத்திருக்கிறார்கள். பொதுமக்களுக்கு ஆண்டுக்கு 1. ஆச்சியின் கேள்விக்கு நான் கண்ட விடை இதுவே. தம் தொழிலால் தமக்கு வந்த கேட்டைக் கண்டு அஞ்சிய அறிஞர்கள் தாமாகவே கூடி முதலில் வகுத்த கணக்கு அது; அறிவு வளர வளர இறங்கிக்கொண்டே வந்த கணக்கு.

பாபா இந்த வழியை எடுத்துக்கொண்டார். டிராம்பேயில் தொடக்கத்திலேயே உடல்நல இயற்பியலுக்கென ஒரு பிரிவு அமைத்தார். ஏ. எஸ். ராவ் அதை வளர்த்தார், ஏ. கே. கங்குலி அதை ஒரு துறையாகவே ஆக்கினார். கதிர்வீச்சு வேலையில் இருப்பவர்கள் அணியப் படச்சுருள் அட்டைகள் வந்தன. என் அண்ணன் மார்பில் இருப்பது அதன் பேரப்பிள்ளை என்று சொல்லலாம்.

சைரஸ் உலை இயங்கத் தொடங்குவதற்குச் சில மாதங்கள் முன்பு, 1960 பிப்ரவரி 27-ஆம் நாள், பாபா தம் நிறுவனத்தாருக்கு ஓர் அலுவலக ஆணை பிறப்பித்தார். மிகச் சிறிய ஆணை அது. அதில் இரண்டு பகுதிகள் உண்டு. கதிரியக்கப் பொருள்களைக் கையாளும் முறை ஊழியருக்கோ வேறு எவருக்குமோ தீங்கு விளைக்காததாக இருக்க வேண்டும் என்பது முதற்பகுதி. நாட்டின் பிற நிறுவனங்களைப் பின்பற்றச் சொல்லும் அளவுக்கு அம்முறை எடுத்துக்காட்டாக விளங்க வேண்டும் என்பது இரண்டாம் பகுதி.

என் சிந்தையைக் கவர்ந்தது இந்த இரண்டாம் பகுதியே. அன்றே மருத்துவமனைகளும் ஆலைகளும் கல்லூரிகளும் ஐசோடோப்புகளைக் கேட்டு வரத் தொடங்கியிருந்தன. நாளை அவர்களிடம் ஒழுங்கைக் கேட்கும் தகுதி தமக்கு வேண்டுமானால் இன்று தம் வீட்டைச் செம்மையாக வைத்திருக்க வேண்டும் என்று அவர் எண்ணினார். பின்னர் 1962-இல் அணுசக்திச் சட்டம் பாதுகாப்பு விதிகள் செய்ய அரசுக்கு அதிகாரம் அளித்தது. அதே ஆண்டில் ஏ. எஸ். ராவ் தலைமையில் உலைகளின் பாதுகாப்பை ஆராயும் குழு ஒன்றையும் பாபா அமைத்தார். சட்டத்துக்கு முன்னரே பழக்கம் வந்துவிட்டது.

இந்த ஒழுங்கு அவர் இயல்பிலேயே இருந்தது. அவர் ஓவியம் தீட்டுவார். மேலைநாட்டு இசையில் தோய்ந்தவர். நிறுவனம் கட்டும்போது மரம் குறுக்கே நின்றால் வெட்டாமல் வேரோடு பெயர்த்து வேறிடத்தில் நடச் செய்வார். மரத்துக்குக் காட்டிய கவனத்தை மனிதருக்கும் காட்டினார் எனலாம்.

மலையில் முடிந்த வாழ்வு

1966 ஜனவரி 24-ஆம் நாள் வியன்னாவில் பன்னாட்டு அணுசக்தி முகமையின் கூட்டத்துக்காகப் பாபா சென்ற ஏர் இந்தியா விமானம் மோன் பிளாங் மலையில் மோதியது. இருந்த 117 பேரும் மாண்டனர். பாபாவுக்கு அப்போது வயது 56. விமானத்தில் வழிகாட்டும் கருவிகளுள் ஒன்று பழுதாயிருந்தது. தரையிலிருந்து சொன்ன திருத்தத்தை விமானி தவறாகப் புரிந்துகொண்டு, மலையைக் கடந்துவிட்டதாக எண்ணி இறங்கத் தொடங்கினார் என்று விசாரணை முடிவு கூறியது. 1950-இலும் அதே நிறுவனத்தின் விமானம் ஒன்று அதே மலையில் மோதியிருந்தது. பாதுகாப்புக்கு எடுத்துக்காட்டு வேண்டுமென்று ஆணையிட்டவரின் உயிர், ஒரு பழுதான கருவியிலும் ஒரு தெளிவற்ற செய்தியிலும் போயிற்று. இதை எண்ணும்போதெல்லாம் நெஞ்சம் கனக்கிறது. அடுத்த ஆண்டு டிராம்பே நிலையத்துக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது.

அவருக்குப் பின்

ஒருவருக்கு நேர்ந்ததை மற்றவர் அறியாமல் போவதே பல விபத்துகளின் வேர். அமெரிக்காவில் 1977-இல் டேவிஸ் பெஸ்ஸி என்ற நிலையத்தில் ஓர் அடைப்பிதழ் திறந்தபடி சிக்கிக்கொண்டது. உலை அப்போது குறைந்த ஆற்றலில் ஓடியதால் தீங்கு இல்லை. செய்தி மற்ற நிலையங்களுக்கு உரியபடி போய்ச் சேரவில்லை. 1979 மார்ச் 28-ஆம் நாள் த்ரீ மைல் தீவில் அதேபோன்ற அடைப்பிதழ் அதேபோல் சிக்கியது. உலையின் உட்பகுதி பெருமளவு உருகிவிட்டது. ஓரிடத்து விபத்து எல்லோருடைய தொழிலையும் அழிக்கும் என்று அப்போது மின் நிறுவனங்கள் உணர்ந்தன. எந்தச் சட்டமும் வற்புறுத்தாமல் அவ்வாண்டு டிசம்பரில் தமக்குள் ஒரு கழகத்தை அமைத்தன. ஒரு நிலையத்தின் அனுபவசாலிகள் மற்றொரு நிலையத்துக்குப் போய்க் குறைகளைக் கண்டு சொல்வார்கள். மதிப்பீடு குறைந்தால் காப்பீட்டுக் கட்டணம் கூடும். 1986-இல் செர்னோபில் வெடித்தபின் 1989-இல் மாஸ்கோவில் கூடிய அணுமின் நிறுவனங்கள் இதையே உலக அளவில் செய்தன. இந்திய அணுமின் கழகமும் அதில் உறுப்பினர்.

தாமே வகுத்துக்கொள்ளும் ஒழுங்கு மட்டும் போதுமா? போதாது என்பதற்கும் நம் நாட்டிலேயே சான்றுகள் உண்டு. 1993 மார்ச் 31-ஆம் நாள் உத்தரப் பிரதேசத்து நரோராவில் சுழலியின் தகடுகள் முறிந்து ஹைட்ரஜன் கசிந்து தீப்பற்றியது. ஒன்றுக்கு உதவியாக இன்னொன்று என்று வைத்திருந்த மின்கம்பிகள் தீத்தடுப்பு இன்றி அருகருகே ஓடியதால் எல்லாம் ஒருசேர எரிந்தன. ஏறத்தாழ 17 மணி நேரம் நிலையம் மின்சாரமின்றி நின்றது. ஊழியர்கள் புகையினூடே மேலேறிச் சென்று போரான் கரைசலை உலையில் இறக்கினார்கள். தீயணைப்புப் பம்புகளால் தண்ணீர் ஊட்டினார்கள். கதிரியக்கம் வெளியே வரவில்லை. அவர்கள் துணிவு நாட்டைக் காத்தது. ஆயினும் கம்பிகளைப் பிரித்து வைத்திருந்தால் அந்தத் துணிவுக்கு வேலையே இருந்திராது.

2010-இல் டெல்லி மாயாபுரியில் நடந்தது நமக்கு இன்னும் நெருக்கமானது. டெல்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறையில் நெடுங்காலம் பயன்படாமல் கிடந்த கோபால்ட் கருவி பழைய இரும்போடு ஏலம் போயிற்று. அதைப் பிரித்தவர்கள் கதிர்வீச்சுக்கு ஆளாகினர். ஒரு தொழிலாளி இறந்தார். பிற நிறுவனங்களும் பின்பற்றட்டும் என்று பாபா 1960-இல் எண்ணியது, ஐம்பது ஆண்டுகள் கழித்தும் ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தின் மூலைக்கு வந்து சேரவில்லை.

பாபாவிடமும் ஒரு குறை சொல்லத்தான் வேண்டும். உலையைக் கட்டுபவர், நடத்துபவர், சோதிப்பவர் எல்லாம் ஒருவராக அவர் காலத்தில் இருந்தார்கள். அவரைப்போன்ற ஒருவர் இருக்கும்வரை அது தாங்கும். எப்போதும் அப்படி ஒருவர் கிடைப்பாரா? 1983 நவம்பர் 15-இல்தான் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் அமைந்தது. அதுவும் அணுசக்தி ஆணையத்துக்குக் கீழேயே இருந்தது. போதிய சட்டத் தன்னாட்சி அதற்கு இல்லை என்று 2012-இல் தலைமைத் தணிக்கையாளரின் அறிக்கை சுட்டிக்காட்டியது. 2011-இல் புகுஷிமா விபத்தை அடுத்து இடிந்தகரையில் திரண்ட மக்கள் கேட்டவற்றுள்ளும், காவலைக் காப்பவர் யார் என்ற கேள்வி இருந்தது. அவர்கள் பக்கமோ நிலையத்தார் பக்கமோ நிற்பவர்களை நம் வீடுகளிலேயே காணலாம். கேள்வி நியாயமானது என்பதில் இரு பக்கத்தாருக்கும் கருத்து வேறுபாடு இருக்க வேண்டியதில்லை.

அருவி தரும் பாடம்

குற்றாலம் பேரருவியில் பாதுகாப்பு வளைவு ஒன்று இருக்கிறது. வெள்ளம் அந்த வளைவைத் தாண்டி விழுந்தால் குளிக்கத் தடை விதித்துவிடுவார்கள். குளிப்பவன் தானே ஒதுங்கிவிடுவான் என்று விட்டிருந்தால் சீசன் காலத்துக் கூட்டத்தில் எத்தனை பேர் ஒதுங்குவார்கள் என்று நாம் அறிவோம். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென வந்த காட்டாற்று வெள்ளம் ஒரு மாணவனின் உயிரைக் கொண்டுபோனது. மலைமேல் பெய்யும் மழை கீழே நிற்பவனுக்குத் தெரியாது. மேலிருந்து யாரேனும் சொல்ல வேண்டும்.

நம் குளத்துப் பாசனத்திலும் இந்த அறிவு உண்டு. தன் வயலின் வரம்பை அவரவரே கட்டிக்கொள்வார். அதற்கு யாரும் ஆணையிட வேண்டாம். ஆனால் மடையைத் திறக்கும் வேலையை ஊர் பொதுவில் ஒரு நீர்ப்பாய்ச்சியிடம் விட்டிருந்தது. சொந்த வரம்பும் பொதுக் காவலும் சேர்ந்தே ஆயக்கட்டு விளைந்தது. பாபா முதலாவதைக் கட்டினார். இரண்டாவதைக் கட்டிமுடிப்பது அவருக்குப் பின்வந்தோர் கடமை.

நம் கல்லூரியிலும் ஆய்வுக்கூடங்கள் உள்ளன. அமிலக் குப்பிகள், பாதரசம், மின்பலகைகள், பழைய கருவிகள் எல்லாம் உள்ளன. ஒவ்வொரு துறை மாணவரும் தம் ஆய்வுக்கூடத்துக்குத் தாமே ஒரு பக்கத்தில் விதி எழுதிச் சுவரில் ஒட்டுவோம். பருவத்துக்கு ஒருமுறை வேதியியலார் இயற்பியல் கூடத்தையும், இயற்பியலார் தாவரவியல் கூடத்தையும் வந்து பார்த்துக் குறையை எழுதித் தரட்டும். எழுதிய குறையைத் துறைத் தலைவர் முதல்வரிடம் சேர்ப்பிக்கட்டும். செலவு இல்லாத காரியம். கோபித்துக்கொள்ளாமல் கேட்டுக்கொள்ளும் மனம் மட்டும் வேண்டும். இதை எங்கள் துறையில் எழுத்திலேயே கொடுத்திருக்கிறேன். பிற துறை நண்பர்களும் முன்வந்தால் இந்தப் பருவத்திலேயே தொடங்கலாம்.